கீழ்ப்பக்கப் படம்

பூச்சிகளைப் படம் எடுப்பதில் பெரிய தொல்லை, அவை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

எங்கள் சாப்பாட்டறைச் சுவரில் உட்கார்ந்திருந்த அந்துப்பூச்சி என் உள்ளங்கையைவிடப் பெரியது. பக்கத்தில் அளவுகோலைப் பிடித்து நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தெட்டில் என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

"என்ன மாப்ள, உங்க கல்யாணத்துக்கே இத்தனை படம் எடுக்கலையே," என்றார் மாமனார். அவர் எங்களோடுதான் இருந்தார். தினம் இரண்டு வேளை இன்சுலின். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் ஊசி போடுவது நான்தான்.

படங்களை இணையக் குழுவில் போட்டேன். கீழ்ப்பக்கப் படம் இல்லாமல் பெயர் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த நிபுணர்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது ஐயா. உடம்பு சூடானால்தான் அந்துப்பூச்சி பறக்கும். குளிர்ந்தால் சாகாமல் மயங்கிக் கிடக்கும், நிதானமாகத் திருப்பலாம். டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிரை முழுதாகக் கூட்டினேன். இடம் போதாமல் மருந்துக் குப்பியைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினேன்.

மறுநாள் காலை பூச்சி அழகாக மயங்கியிருந்தது. குப்பி உறைந்திருந்தது.

இன்சுலின் ஒரு புரதம். அது மடிந்திருக்கும் விதத்தில்தான் அதன் வேலையே இருக்கிறது. உறைந்தால் மடிப்பு கலைந்துவிடும், உருகினாலும் திரும்பாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருக்கி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் டப்பா வெளியே வரும்; மனைவி பூச்சியை ஜன்னல் வழியே விரட்டிவிடுவாள். கீழ்ப்பக்கப் படத்தை எடுத்துக் குழுவில் போட்டாயிற்று, ஆனால் நிபுணர் இன்னொரு படம் கேட்டால் என்ன செய்வது? புதுக் குப்பி வாங்கலாமென்றால், மருந்துக்கடை வைத்திருப்பவன் என் மச்சான். மாலைக்குள் தன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், ஒப்பித்துவிடுவான்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தூள் மிதந்தது. அதனால் வெளிச்சத்தில் பிடிக்காமலே ஊசியில் ஏற்றினேன்.

நான்காம் நாள் மாமனார் கேட்டார்: "தண்ணி குடிச்சு மாளல மாப்ள. மருந்து கெட்டுப்போச்சோ?"

"வெயில் அப்படி இருக்கு மாமா," என்றேன்.

ஐந்தாம் நாள் காலை நிபுணரின் பதில் வந்தது. பூச்சியின் பெயரை முதலில் மாமனாரிடம்தான் சொல்ல ஓடினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: பூச்சியை அன்றே தோட்டத்தில் விட்டுவிட்டேன், சிறகில் ஒரு செதில்கூட உதிரவில்லை. ஓர் உயிரை வதைக்க எனக்கு மனம் வராது.