மஞ்சள் குடுவைகளைக் கொட்டாதீர்கள்

விஜயதசமி மாலையில் இவ்வவைக்குத் தலைமை தாங்கும் ஆய்வுக்கூட இயக்குநர் வெங்கடரமணன் அவர்களே! அடையாற்றுப் பெரியோர்களே! கொலுவை விட்டு என் குரல் கேட்க வந்த தாய்மார்களே! பின்வரிசையில் கடிகாரம் பார்க்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் உடம்புக்குள் ஒரு நதி ஓடுகிறது. விடியுமுன் ஊரூர்க் குப்பத்துக் கட்டுமரங்கள் மிதப்பதுபோல அதில் வெள்ளை அணுக்கள் மிதக்கின்றன. பாதி உறக்கம், பாதி கனவு. துளித்துளியாய்ச் சர்க்கரை பருகிக் காவல் காக்கின்றன. கிருமி வந்தால்? விழிக்கின்றன! வாரி வாரி உண்கின்றன! பெருகிப் போருக்குப் புறப்படுகின்றன! சுருண்டு கிடக்கும் மரபணுக்களில் எது திறக்கட்டும், எது மூடட்டும் என்று எரிந்த சர்க்கரையின் ஒரு துணுக்கே போய்ச் சொல்கிறது என்பது என் துணிபு. பசித்த அணுவால் படை நடத்த முடியுமா?

யாரது, ஆட்டோ கணேசமூர்த்தியா? "இன்னா சார், சுண்டல் ஆறிக்கினு கீது" என்கிறாயா? நானும் சாப்பாட்டைப் பற்றித்தானப்பா பேசுகிறேன். பொறு!

தலைவரின் கூடத்தில் இந்த அணுக்களைக் குடுவைகளில், சிவப்பு ஊட்டநீரில் வளர்க்கிறார்கள். நேற்று ஆயுத பூஜை. வளர்ப்புப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள், கதவைத் தொடவில்லை. உள்ளே இருந்த அணுக்களுக்கு ஏது பூஜை? உண்டன. உண்ட புளிப்பில் சிவப்பு மஞ்சளானது. இன்று காலை தலைவர் கதவைத் திறந்தார், பக்கத்தில் ஆய்வு மாணவி செண்பகம்.

"கெட்டுப்போயிடுத்து. கிருமி புகுந்திருக்கு. நாளைக்குக் கொட்டிடு, செண்பகம்."

"சார், மைக்ராஸ்கோப்புல ஒரு தடவை பாருங்க சார்."

"பார்க்க என்ன இருக்கு? மஞ்சள்னா கெட்டதுதான்!"

அவையோரே, கிருமி புகுந்தால் நீர் கலங்கும். செண்பகத்தின் குடுவைகளோ தெளிந்து நிற்கின்றன. அது அழுகலின் நிறமா? இல்லை! விழிப்பின் நிறம்! அவருடைய ஆய்வு முழுவதும் அந்த மஞ்சளில்தான் மிதக்கிறது.

முன்பொரு பூஜைக்குப் பின், தலைவரின் இதே கூடத்தில் என் குடுவைகளையும் இதே சொல்லைச் சொல்லித்தான் கொட்டினார்கள். என் முனைவர் பட்டம் சாக்கடையோடு போனது. இன்று தி.நகர் டுடோரியலில் தவளைப் படம் வரைகிறேன். மறக்கவில்லை, தலைவரே. மன்னிக்கவும் இல்லை. என் கதை கிடக்கட்டும். செண்பகத்தின் குடுவைகளைக் கொட்டுமுன் ஒரு துளி, ஒரே ஒரு துளி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பீர்களா?

...தலை அசைகிறது! அவையே, நீங்கள் சாட்சி!

சகோதரி செண்பகம், அழாதீர்கள். இப்போதே கிளம்புங்கள். ஒரு துளி எடுத்து வைத்துவிட்டு, புது ஊட்டநீர் ஊற்றுங்கள். அந்த அணுக்கள் நேற்றிலிருந்து பசியோடு இருக்கின்றன. கணேசமூர்த்தி, சுண்டலை மடித்துக்கொண்டு வண்டியை எடுப்பா!

கேட்ட செவிகளுக்கு நன்றி. அசைந்த அந்தத் தலைக்கும், மனமில்லாமல்தான், என் வணக்கம்.