மார்லிஸ் யாருக்காக அழுதாள்

நான் சினிமாவுக்கு எதிரி அல்ல. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் புதுப் படமோ பழைய நாவலோ பேசக் கூடுவோம். மனதில் பட்டதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். என் முறை வந்தால், "நல்லா இருந்துச்சு" என்பேன். என் மனைவி மார்லிஸ் பேசத் தொடங்குமுன்பே அழுதுவிடுவாள்.

இலையுதிர் காலத்தில் என் அம்மா இறந்தாள். மார்லிஸ் அழவில்லை. வந்தவர்களுக்கு சாண்ட்விச் அடுக்கிக் கொடுத்தாள். என் டையைச் சரிசெய்தாள். அடுத்த வாரம் ஏதோ பழைய நாவலில் ஒரு வேலைக்காரி காய்ச்சலில் செத்ததற்குக் கண் வீங்க அழுதாள்.

"எங்கம்மாவுக்கு ஒரு சொட்டு வரலையே?" என்று கேட்டேன்.

"அது வேற, டுவேன். அன்னிக்கு நானும் அழுதிருந்தா உன்னை யாரு பாத்துக்கிறது? புத்தகம்னா யாரையும் தேத்த வேண்டியதில்ல."

அதை நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் அவள் தம்பி ஆர்லன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்: "யோவ் டுவேன், நீ செத்தா எங்கக்கா அழமாட்டா. உன் வேஷத்துல எவனாவது நடிச்சுச் செத்தான்னு வை, வாளி வைக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆர்லன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் நிஜமாகவே உயிரோடு இருந்த ஒருவருக்காக அவள் அழுவாளா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உறைந்த ஏரியில் பனிக்கட்டி எங்கே ஆளையும் வண்டியையும் தாங்கும் என்று காட்ட, பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நட்டு வைப்போம். மீன்பிடி சங்கத்தில் அது என் பொறுப்பு. மேற்குக் கரையில் ஊற்று இருப்பதால் பனி மெலிந்திருக்கும். ஒரு ராத்திரி சில மரங்களைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டேன். அங்கே பனியில் நீங்கள் கண்டுபிடித்த துளைகள் அந்த மரங்களை நட நான் போட்டவைதான்.

விடிந்ததும் முதலில் வருகிறவன் எப்போதும் ஆர்லன்தான். பனிவண்டியில் வந்தான். வெயில் நன்றாக இருந்தது. நான் என் மீன்பிடிக் குடிசை வாசலில் நின்றிருந்தேன். கத்தியிருந்தால் கேட்டிருக்கும். அவன் கை அசைத்தான். நானும் அசைத்தேன்.

பிறகு மரங்களைப் பழைய இடத்தில் நட்டுவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாதல்லவா.

தேவாலயத்தில், ஆர்லனின் இறுதிச் சடங்கில், மார்லிஸின் முகத்தை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. அழவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீ கண்ணால பாத்துட்டியே, டுவேன். எப்படித் தாங்குற?" என்றாள்.

ஆக, நான் நினைத்தது சரிதான். அவளுக்கு நிஜ மனிதர்கள் பொருட்டில்லை.

போன வாரம் மதியம் வீட்டுக்கு வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. தொலைக்காட்சியில் அவளுடைய புதுத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தாள். உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்படி அவள் அழுது நான் கேட்டதே இல்லை. நடுநடுவே, "ஆர்லன், ஆர்லன்" என்றாள்.

நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. அதில் அந்தப் பெயரில் யாரோ இருக்கிறார் போலிருக்கிறது.