வில்லன் மாட்டாத படங்கள்

குற்றாலம் மெயினருவி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் தலையில் எண்ணெய் வழிய நின்றார்கள். ஒருவர் வடகரைக்காரர், மற்றவர் தென்காசிக்காரர்.

"இப்ப வார கலர்ப் படத்துல எல்லாம் கடைசியில வில்லனப் புடிச்சிருதானுவ," என்று சலித்துக்கொண்டார் வடகரைக்காரர். "அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளைத் துப்பறியும் படத்துல ஒருத்தனாவது மாட்டியிருக்கானா?"

"எல்லாவனும் மாட்டத்தாம்வே செஞ்சான்!"

"தென்காசிக்கு வந்த ஒரு படத்தையும் நான் விட்டதில்ல. ஒருத்தனும் மாட்டல."

தென்காசிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்குக் கடைசி பஸ் போயிரும்னு கிளைமாக்ஸுக்கு முன்னாலயே எந்திரிச்சு ஓடுவீரே! சைக்கிள் வாங்கின பெறவுதான முடிவையே பாக்குதீரு?"

வரிசை நகர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது. வடகரைக்காரர் நகரவில்லை.

"அப்ப ஒரு படத்துல ஏழைகளுக்குக் காசு வாங்காம வைத்தியம் பாப்பாரே, ஒரு டாக்டரு?"

"அவன்தாம்வே கடத்தல் கும்பலுக்கே தலைவன். கடைசி சண்டையில தெரிஞ்சிரும்."

"இத ஏம்வே இத்தன வருசமா சொல்லல?"

"நீரு எங்க வாயத் தொறக்க விட்டீரு?"

"என் மூத்தவனுக்கு அவம் பேரத்தாம்வே வச்சிருக்கேன்!"