பிரேக் லைட்டில் பூத்த களிம்பு

கார் விளக்கு எரியாவிட்டால் எல்லோரும் பல்பைத்தான் திட்டுகிறார்கள், ஐயா. பல்பு பாவம். பின்விளக்குக்குள் தண்ணீர் இறங்கி, ஒயர் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கெட்ட துண்டை நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பெரிய மூளை வேண்டாம். என்னைப் பார்த்தாலே தெரியும்.

என் தங்கை புருஷனும் அதையேதான் சொல்வார். விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் ஒருநாள், "எங்க மச்சான் பெரிய விஞ்ஞானி. பல்பு மாட்டுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்தான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் காரைக் கொண்டுவந்து விட்டார். "மச்சான், பிரேக் லைட்டு எரியல. நாளைக்கு மலைக்குப் போறேன், ஒரே பனியாம். பாத்து வைங்க."

பார்த்தேன். களிம்பைத் தொடவில்லை. அதன்மேலேயே ஒயரை லேசாக முறுக்கி, டேப்பை அழகாகச் சுற்றினேன். தெருமுனைவரை தாங்கும், மலைவரை தாங்காது. ஓர் அரைகுறை வேலையை அவ்வளவு அக்கறையாக நான் செய்ததே இல்லை. காலையில் அவர் கண்ணெதிரே பிரேக்கை மிதித்துக் காட்டினேன். இரண்டும் ஜோராக எரிந்தன.

மலை வளைவொன்றில் அவர் பிரேக் போட்டது பின்னால் வந்த லாரிக்காரருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான். பின்சீட்டில் இருந்த என் தங்கை போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் விசாரித்தபோது அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. "லைட்டு மேல சந்தேகமே வேணாம் சார். எங்க மச்சான் கை வெச்ச வேலை." என் தொழிலை அவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

டேப்பை நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கையும் காரில் போவது எனக்குத் தெரியாது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன் அல்லவா? தெரியும். என் பட்டறை வாசலில்தான் ஏறினாள். "அண்ணா, நானும் கெளம்பிட்டேன்" என்று பையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அஞ்சு நிமிஷம் இரும்மா" என்று சொல்லியிருக்கலாம். ஈயம் வைக்க அவ்வளவுகூட ஆகாது. ஆனால் என் வேலையில் குறை இருந்தது அந்த மனிதருக்குத் தெரிந்துபோயிருக்குமே, ஐயா.