லிங்கநகர் என்று சொன்னேன்

வடை முடிந்த பிறகும் சனம் எழும்பாமல் இருந்தால் பேச்சு நன்றாக இருந்தது என்று அர்த்தம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வாசகசாலையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே நாவலைப் பற்றிப் பேசிவருகிறேன். பெரும்பாலும் எழும்பமாட்டார்கள்.

நாவல் எங்கள் துறைமுகத்தைப் பற்றியது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்களைத் துரைமாருக்கு எழுதிக்கொடுக்கும் கிளாக்கர் ஒருவர் அதில் வருவார். நாற்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். இன்றைக்கும் யாராவது கோள் சொன்னால், அந்தக் கிளாக்கரின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் திட்டுவார்கள். ஒரு நூலின் செல்வாக்குக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று மேடையில் நானே கேட்டிருக்கிறேன்.

கேள்வி நேரம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு நடையும் வேண்டாம், உத்தியும் வேண்டாம். கதையில் வருகிறவர் உண்மையில் யார் என்பதுதான் வேண்டும். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். நாவல் வெளிவந்த ஐம்பதாவது ஆண்டுக் கூட்டத்தில், பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் கீர்த்தனி எழுந்தாள்.

“சேர், அந்தக் கிளாக்கர் பாலையூற்றில இருந்தவராமே? ஆரெண்டு தெரியுமோ?”

பாலையூற்றில்தான் நான் பிறந்தேன். என் அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். பட்டியல் எழுதியது அவர்தான் என்று எழுத்தாளர் சாகுமுன் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். அது என் அலுமாரியில் இருந்தது.

“இல்லைப் பிள்ளை, லிங்கநகர்,” என்றேன். “ஆள் இன்னும் இருக்கிறார். இதுக்கு மேல கேக்காதேங்கோ.”

வாய் தவறி வந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்துக் கிளாக்கர்களில் உயிரோடு இருந்தவர் லிங்கநகர் அருளம்பலம் ஐயா ஒருவர்தான். அது எனக்குத் தெரியும்.

ஒரு மாதத்துக்குள் லாபிரின் தேநீர்க் கடையில் அவர் பக்கத்துக் கதிரையில் இருக்க ஆளில்லை. நெருப்பில்லாமல் புகையுமோ என்றார்கள். பேத்திக்குப் பேசிவந்த கலியாணம் நின்றது. எண்பத்தெட்டு வயது மனுசன் பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், நான் அப்பிடிச் செய்யேல்லை. நீங்கள் ஒருக்கா மேடையில சொல்லிவிடுங்கோ. சனம் உங்கட சொல்லைத்தான் கேக்கும்.”

“ஓம் ஐயா, வாற கூட்டத்தில சொல்லுறன்.”

வந்தார். இஸ்திரிபோட்ட வெள்ளைச் சட்டையோடு கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார். நான் ஒன்றேகால் மணித்தியாலம் பேசினேன். நாவலின் கடல் வருணனையைப் பற்றி. கதிரைகளை அடுக்கும்வரை அவர் எழும்பவில்லை.

அன்றோடு நெஞ்சுவருத்தத்துக்கான குளிசைகளை நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். கடிதத்தை அதற்கு முன்பே குசினி அடுப்பில் போட்டுவிட்டேன்.

அப்பாவின் மானத்துக்காகச் செய்ததாக நினைக்கவேண்டாம். அப்பா இறந்து முப்பது வருடம். காட்டிக்கொடுத்தவனின் மகனை யார் மேடையேற்றுவார்கள்? அந்த மேடைக்காகத்தான் ஓர் ஆளைக் கொன்றேன். இப்போது சோறு இறங்குவதில்லை.

செத்த வீட்டில் அருளம்பலம் ஐயாவின் மகள் புஷ்பவதி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சேர், உங்களுக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லுங்கோ. அது எங்கட அப்பாவோ?”

“நடந்தது நடந்துபோச்சு, தங்கச்சி,” என்றேன். “அவரை மன்னிச்சுவிடுங்கோ.”

அவர் விம்மி விம்மி அழுதார். அந்த நேரத்தில் என்னால் கொடுக்க முடிந்த ஆறுதலைக் கொடுத்தேன்.