சங்கிலியில் தொங்கிய சட்டை

சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த அறையிலும் அப்படித்தான் தொங்குகிறது, இன்ஸ்பெக்டர். யாரையாவது விட்டு நிமிர்த்தச் சொல்லுங்கள், பிறகு நிதானமாகப் பேசலாம்.

மிருகக்காட்சி சாலைகளில் மிருகங்களுக்கு இடம் அமைத்துத் தருவது என் தொழில். கட்டடக்கலை படித்துவிட்டு இதற்கு வந்ததால், மயிலாப்பூரில் என் உறவுக்காரர்கள் 'ஸ்ரீவத்சன் குரங்குக்கு ஆம் கட்டறான்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டுகளில் குரங்கே குடிவராது.

தொண்ணூற்றாறில், அடையாற்றுக் கரையோரம் ஓர் அறக்கட்டளை நடத்தும் அந்தச் சின்னப் பூங்காவில் கரடிக்கு இடம் அமைக்கச் சொன்னார்கள். அதுவரை அது கம்பிக் கூண்டில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேற்கு மாம்பலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அதன் மூக்கைப் பார்த்து வேர்க்கடலை எறிவார்கள். மேல்நாட்டில் சிங்கத்தைப் பார்க்கிறவன் மூச்சுவிடக்கூட யோசிப்பான். நமக்குக் கடலைப் பொட்டலம் இல்லாமல் கரடி பார்க்கத் தெரியாது.

நான் கம்பியை எடுத்தேன். பார்க்கிறவர்கள் நிற்க ஒரு மேடை, எதிரே கரடிக்குப் பாறை வைத்த மேடு, நடுவில் பன்னிரண்டடி ஆழத்தில் தண்ணீரில்லாத அகழி. கரடியின் பக்கம் சரிவு, மேடைப் பக்கம் செங்குத்துச் சுவர். மேடை ஓரமாகச் செடிகளை நெருக்கி நட்டேன். அகழி இருப்பதே மேலேயிருந்து தெரியாது. கரடியும் நீங்களும் ஒரே காட்டில் நிற்பது போலிருக்கும். பஸ் சத்தம் கேட்காமலிருக்க மேடைக்குப் பக்கத்திலேயே ஓர் அருவியும் வைத்தேன்.

பாண்டுரங்கன் கரடியைப் பார்த்துக்கொண்டவன். நொச்சிக்குப்பத்துக்காரன், கடல் ஒத்துவராமல் பூங்காவில் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறதாம். அந்தக் கரடிக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அவன் ரசனைக்கு அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

திறப்பு விழாவன்று அறக்கட்டளைத் தலைவர் கஸ்தூரிரங்கன் அவனைக் கூப்பிட்டு, "என்னப்பா, உன் கரடிக்குப் புது எடம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"நாடகக் கொட்டாய் ஷோக்கா கீது சார். ஆனா நாலு பக்கமும் ஜனம் பாத்துக்கினே கீது. அது போய்க் குந்தறதுக்கு ஒரு மறைவு வோணாமா? கக்கூஸுக்குக் கதவு வெக்காம வூடு கட்டுனா நீ குடி போவியா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரிரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

கரடி வெளியே வரவில்லை. பின்னாலிருக்கும் இருட்டறைக் கதவோரமாகவே ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. உடனே பாண்டுரங்கன் நாலு கோணிச் சாக்கைத் தைத்து, என் பாறைமேல் மூங்கில் நட்டுக் கட்டிவிட்டான். நான் போய் முறையிட்டபோது கஸ்தூரிரங்கன் சொன்னார்: "அவன் சொல்றதும் நியாயமாத்தான்னா படறது, ஸ்ரீவத்சன். கொஞ்ச நாள் இருக்கட்டுமே." கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. மூன்று மாதம் அந்தச் சாக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டில்லியில் ஒரு பரிசுக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. குல்ஷன் என்ற புகைப்படக்காரரை வரவழைத்தேன். கரடி இருட்டறைக்குள் அடைபட்டிருந்தது, சாக்குகளை நானே அவிழ்த்தேன். செவ்வாய்தான் அகழி பெருக்கும் நாளும். பாண்டுரங்கன் வழக்கம்போல் மேடைக் கைப்பிடியில் நூலேணியைக் கட்டி உள்ளே இறங்கியிருந்தான். படகுக்கயிற்றில் அவனே முடிச்சுப் போட்ட ஏணி. பளீரென்று மஞ்சள்.

ஏணியை மேலே இழுத்துப் போட்டது நான்தான். அதை முதல் நாளே சொன்னேன். படத்தில் மஞ்சள் விழுந்தது, எடுத்தேன், திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். படித்தவன் கொலை செய்யமாட்டான் என்று நினைக்கும் போலீஸ்காரரை நான் ஏன் திருத்த வேண்டும்?

ஆனால் இருட்டறைக் கதவைத் திறந்தது அவனுடைய உதவியாள் வேம்பு என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். என் வேலை அடுத்தவன் பெயரில் போவது எனக்குப் பிடிக்காது. வேம்புவைத் தேன் பாட்டில் வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பியதும் நான்தான்.

அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அகழிக்குள் இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றி, இருட்டறைக் கதவைத் தூக்கும் சங்கிலியில் போட்டுவிட்டு இறங்குவான். சட்டை தொங்கும் வரை ஒருவனும் சங்கிலியைத் தொடமாட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் அறிவிப்புப் பலகை. சட்டையை யார் மடித்து வைத்தது என்று நேற்று ஏட்டு கேட்டாராமே. இந்த வழக்கில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. காக்கிச் சட்டை, காலர் கிழிந்திருந்தது. மடித்துத் திண்டில் வைத்தேன். பிறகு சங்கிலியை இழுத்தேன். கரடி வெளியே வந்ததும் கதவை இறக்கிவிட்டேன்.

அது வெயிலில் ஒரு கணம் நின்றது. சாக்கு இருந்த இடத்துக்கு ஓடியது, சாக்கு இல்லை. பிறகு சரிவில் இறங்கி ஓடியது. குல்ஷனுக்கு ஒரே ஒரு படம் கிடைத்தது. நல்ல படம்.

"சார், ஏணிய போடு சார்" என்று கீழேயிருந்து இரண்டு முறை கேட்டது. மேடைக்குத் திரும்பிச் செடிகளை ஒட்டி நின்றதால் எனக்குக் கேட்டது. அருவிச் சத்தத்தில் குல்ஷனுக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, கரடி எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டுரங்கன் நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

கோபத்தில் செய்தீர்களா என்கிறீர்கள். ஒரு கரடிக்காரன் எல்லோர் முன்னாலும் பேசிய கக்கூஸ் பேச்சுக்கா நான் கோபப்படுவேன்? என் அமைப்பில் மறைவே கிடையாது என்றான். பயந்த கரடி அந்த அகழியைத் தவிர வேறெங்கும் ஒளிய முடியாது என்று அதைக் கட்டிய எனக்குத் தெரியும். மறைவு இருக்கிறது என்று அவனுக்குக் காட்டினேன், அவ்வளவுதான்.