பேக்கப் மாமாவின் மெம்பர் கார்டு

தேநீர் போதும் சார், சர்க்கரை மட்டும் வேண்டாம். அந்த பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கண் நேரே என் கைக்குத்தான் வரும்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது தானாக விளங்கும். எனக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னபோது நான் சும்மாதான் இருந்தேன், அழுதது அவள். அழுது முடித்ததும் வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் அள்ளிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். “நீங்க சாப்பிடாதத நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவேன்?” என்றாள். காப்பியில் மூன்று கரண்டி போட்டுக் குடித்தவள், அதற்குப் பிறகு ஒரு மணி சர்க்கரை தொடவில்லை. சொந்தத் தம்பியின் கல்யாணப் பந்தியில்கூட இனிப்பு வைக்க வந்தவரைக் கையால் மறித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சட்டைப் பையில் அப்போது ஒரு சாக்லேட் இருந்தது.

ஆமாம் சார், நான் சாப்பிடுவேன். வாரத்துக்கு இரண்டு மூன்று. முந்திரி போட்டது என்றால் கொஞ்சம் கூடுதல்.

வாங்குவது எங்கள் கடையில்தான். துணி, மளிகை, பாத்திரம் எல்லாம் ஒரே கூரையில் விற்கிற பெரிய கடை, ஊருக்குள் அதற்குக் கிளைகளும் உண்டு. பில் போடும் பெண் “போன் நம்பர் சொல்லுங்க” என்பாள். சொன்னால் மெம்பர் கார்டில் புள்ளி ஏறும். கூடவே யார், எந்த விலாசம், என்ன வாங்கினார் என்பதும் கம்ப்யூட்டரில் ஏறும். இது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டர் அறையே என் பொறுப்பு. தெரிந்திருந்தும் நம்பரைச் சொன்னேன். புள்ளி சும்மா வருகிறது, விட மனசு வருமா? சாக்லேட் புள்ளியிலேயே ஒரு மேஜை மின்விசிறி கிடைத்தது. அவளுக்குத்தான் கொடுத்தேன். “எங்க வீட்டுக்காரர் எனக்காகச் சேத்து வாங்கினது” என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அறையில் என்னோடு வேலை பார்ப்பவன் அவள் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நல்ல பையன், அக்கா என்றால் உயிர். அவன் என்னை மாமா என்று கூப்பிடப்போய்க் கடையே மாமா என்றது. வாராவாரம் எல்லாக் கணக்கையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைப்பேன். அதனால் பேக்கப் மாமா. அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு ஒரு நம்பர், மச்சானுக்கு ஒரு நம்பர். யார் நம்பரில் எப்போது திறந்தது என்று பூட்டு குறித்து வைத்துக்கொள்ளும். என்ன மாமா, பேக்கப் பத்திரமா தூங்குதா என்று பில் போடும் பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஒரு நாள் கடை திறந்ததும் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம். உங்கள் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம், கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் விவரம் அனைத்தையும் வெளியிடுவோம். முதலாளி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

“மாமா, பேக்கப் இருக்குல்ல?”

“இருக்கு முதலாளி. போன வாரம் வரைக்கும் அப்படியே இருக்கு.”

சார், அந்த நிமிஷம் கடையே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோதுகூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. முதலாளி என் தோளில் கை போட்டுக்கொண்டார். “அப்போ அவனுங்களுக்கு ஒரு பைசா கிடையாது. மெஷினெல்லாம் சுத்தம் பண்ணிட்டு நாளைக்கு நம்ம கணக்க ஏத்திக்கலாம். வெளியிட்டா வெளியிடட்டுமே. எவன் சோப்பு வாங்கினான், எவன் சீப்பு வாங்கினான்னு தெரிஞ்சா உலகம் முழுகிடுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முந்திரி சாக்லேட் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனால், என் மனைவி போனை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மிரட்டுகிறவர்கள், சாம்பிளுக்கு என்று கொஞ்சப் பேருடைய விவரத்தை அதற்குள் வெளியே விட்டிருந்தார்கள். போன் நம்பரைப் போட்டால் வாங்கியதெல்லாம் வந்து விழும். மாடி வீட்டு ரிட்டயர்ட் ஆபீசர், தன் முடி பிறவிக் கறுப்பு என்று மார்தட்டுகிறவர், மாதம் தவறாமல் சாயம் வாங்கியிருக்கிறார். “இனி அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், “முழுசும் வரட்டும், நம்ம நம்பரையும் போட்டுப் பாப்போம். உங்க பேருல என்ன இருக்கப் போகுது, ஓட்ஸும் பாகற்காயும்தான்.”

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இந்த முகம் வாடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். நான் செய்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

கணக்கு எளிது. பேக்கப் இருந்தால் முதலாளி பணம் கொடுக்க மாட்டார். கொடுக்காவிட்டால் விவரம் வெளியே வரும். அப்படியானால் பேக்கப் இருக்கக் கூடாது. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து டிஸ்கை எடுத்தேன். சுத்தம் செய்யாத மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அதில் செருகினேன். உள்ளே இருந்த வைரஸ் கிருமி டிஸ்கில் எதையும் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொண்டது. பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மச்சான் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

பெட்டியைத் திறக்க என் நம்பரைப் போடவில்லை, அவன் நம்பரைப் போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் நம்பர் அவனுடைய அக்காவின் பிறந்த நாள். எனக்கு மறக்காத தேதி, கை தானாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலாளி சொந்த வீட்டை விற்றுப் பணம் கட்டினார். அவர்கள் கொடுத்த சாவியில் பாதிக் கணக்குதான் திறந்தது. ஆனால் விவரத்தை வெளியிடவில்லை, அந்த மட்டில் சொன்ன சொல் தவறாதவர்கள். இரண்டு கிளைகளை மூடினார்கள். என்னைக் கேலி செய்த பெண்களில் பாதிப்பேர் இப்போது வேலையில் இல்லை. போகும்போது, “விடுங்க மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்று எனக்குத்தான் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பூட்டு குறித்து வைத்ததைப் பார்த்து நீங்கள் மச்சானைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்தீர்கள். அன்றைக்கே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். குற்றம் செய்யாதவன், எப்படியும் வெளியே வந்துவிடுவான் என்று இருந்தேன். என் மனைவி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “என் தம்பி அப்படிச் செய்வானா? நீங்களே சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். செய்ய மாட்டான் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன் சார், அவளிடம் நான் பொய் பேசுவதில்லை.

நேற்று உங்கள் ஆள் வந்து ஒரு வார்த்தை சொன்னார். எதற்காக டிஸ்கை அழித்தான் என்பது பிடிபடவில்லை, கம்ப்யூட்டர் அறைக்காரர்கள் இரண்டு பேரும் கடையில் வாங்கியதை எல்லாம் எடுத்துப் பார்க்கப் போகிறோம், கோர்ட்டில் வாசிக்க வேண்டியும் வரலாம் என்றார். காலையில் முதல் வேலையாகக் கிளம்பி வந்துவிட்டேன். தம்பிக்காகப் பேசப் போகிறேன் என்று நினைத்து அவளும் கூடவே வந்திருக்கிறாள். வழியெல்லாம் என்னைச் சாமி மாதிரி பார்த்தாள்.

பெட்டியைத் திறந்தது நான். டிஸ்கை அழித்தது நான். பழியை மச்சான் தலையில் விழவிட்டதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், இனி அந்த விவரத்தையெல்லாம் யாரும் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, இல்லையா?

காரணம் என்று வருகிற இடத்தில் மட்டும், மிரட்டினவர்களிடம் பங்கு வாங்கினேன், பணத்தாசை என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். அதை அவள் தாங்கிக்கொள்வாள்.